வாசகர் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவர் ஐயா அவர்களுக்கும் உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

சென்ற பொதுக்குழுவில் பேசியபடி, இந்த வருடக் கூட்டங்களை லட்சியம், தலைமை, படைப்பு என்ற மூன்றுக்கே ஒதுக்கினோம். மழையால் ஐப்பசிக் கூட்டம் மட்டும் நடக்கவில்லை.

காரைக்குடி வள்ளல் அழகப்பச் செட்டியாரைப் பற்றிய கூட்டம்தான் இரவு வரை நீண்டது. மத்திய மின்வேதியியல் ஆய்வகம் காரைக்குடிக்கு வருவதற்காக அவர் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்ததும், 1948 ஜூலை 25 அன்று நேரு அடிக்கல் நாட்டியதும் நமக்குத் தெரிந்த கதை. ஒரு கல்லூரி மாணவி எழுந்து, "கோயிலும் சத்திரமும் கட்டிப் பழகின ஊருல, மின்வேதியியல் வேணும்னு ஒருத்தருக்கு எப்படித் தோணுச்சு?" என்று கேட்டார். நான் அன்றே சொன்னதுதான்: தான் செய்யத் தெரியாத வேலைக்கு, தெரிந்தவர்கள் வந்து உட்கார இடம் ஒழித்துக் கொடுக்கவும் பெரிய ஆசை வேண்டும். அப்படி ஆசைப்படுபவரைத்தான் நான் தலைவர் என்பேன்.

தை மாதம் பிள்ளைகளை, தரையில் பதிக்கும் பூக்கல் செய்வதைப் பார்க்க ஆத்தங்குடிக்கு அழைத்துப்போனோம். கண்ணாடிமேல் சட்டத்தை வைத்து, பூ வடிவ அச்சை இறக்கி, அச்சின் ஒவ்வொரு அறையிலும் வண்ணச் சிமென்ட்டை ஊற்றுகிறார்கள். அச்சைத் தூக்கி, மேலே மணலும் சிமென்ட்டும் போட்டு அழுத்தினால் பூ மறைந்துவிடுகிறது. தண்ணீரில் ஊறி, காய்ந்து, கண்ணாடி விடும்போதுதான் கல்லின் முகம் தெரியும். அந்தப் பளபளப்பும் கண்ணாடி கொடுப்பதுதான். அதே மாணவி அச்சில்லாமல் கையாலேயே ஒரு மயில் ஊற்றினார். கழுத்து கலங்கிப்போனது. பட்டறைப் பெரியவர், "அச்சு இல்லாம ஊத்துனா நிதானமா ஊத்தணும் ஆத்தா, இன்னொண்ணு போடு" என்று அடுத்த கண்ணாடியைத் துடைத்துக் கொடுத்தார். இரண்டாவது மயில் இப்போது நம் நூலக வாசலில் இருக்கிறது. வருகிறவர்கள் குனிந்து பார்த்துவிட்டுத்தான் உள்ளே வருகிறார்கள். எனக்கு அதில் ரொம்பப் பெருமை.

அந்தப் பெரியவர் செய்ததைப் பார்த்த பிறகுதான் எனக்கு உறைத்தது. இத்தனை வருடமும் கூட்டத்தின் தலைப்பு, பேச்சாளர் எல்லாவற்றையும் நானும் தலைவர் ஐயாவும் மட்டுமே முடிவு செய்துவந்தோம். பங்குனியிலிருந்து அந்தப் பொறுப்பு இளையவர்களிடம். முதல் கூட்டத்தில் மைக்குக்கு ஏற்பாடு செய்ய மறந்துவிட்டார்கள். சரி, சத்தமாகப் பேசினோம். அடுத்த மாதம் கூட்டம் நடக்கும் வளவு (வீட்டு முற்றம்) ஆட்களால் நிறைந்துவிட்டது.

வரும் செயற்குழுவில் 25 வயதுக்கு உட்பட்ட இருவருக்கு இடம் தர வேண்டும் என்று தீர்மானம் கொண்டுவருகிறேன். அதில் ஒன்று என்னுடைய இடமாகவே இருக்கட்டும். அப்புறம், சந்தா பாக்கி உள்ளவர்கள் இன்றே கட்டிவிடுங்கள். வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார்.

செயலாளர்