தையல் வெளிப்பக்கம் இருக்கட்டும், டீச்சர்

மலேசியாவின் சுங்கை சிப்புட்டிலும் சுற்றியுள்ள தோட்டங்களிலும் வாழும் அன்பர்களுக்கு வணக்கம்.

செப்டம்பர் மாதம் முதல் என் முதுகெலும்புக்கு நேர்ந்ததையும் அதற்குச் செய்த அறுவை சிகிச்சையையும் இந்த ஊரில் அறியாதவர் இல்லை. ஆகவே அதை மறுபடியும் விவரிக்கப் போவதில்லை. சென்ற வாரம் பொங்கலன்று, பானையைத் தூக்க எனக்கு இன்னும் அனுமதி இல்லாவிட்டாலும், பால் பொங்கி வழியும் வரை அடுப்பருகே யாரையும் பிடித்துக்கொள்ளாமல் நின்றிருந்தேன். அப்படி நின்ற நேரத்தில் நினைவுக்கு வந்த முகங்களுக்குத்தான் இந்த மடல்.

முள்ளெலும்புகள் நசுங்கிய முதுகோடு ஈப்போ மருத்துவமனைக்குச் செல்லும் ஒவ்வொரு முறையும் சாலை மேடுகளில் நத்தையாக ஊர்ந்து காரோட்டிய பழைய மாணவர்கள், நான் கேட்காமலே இரத்த தானம் செய்துவிட்டு வந்து சொன்ன இளைஞர்கள், வாரம் தவறாமல் பூபோர் கஞ்சி கொண்டுவந்த எதிர்வீட்டு மலாய் மக்சிக், சாமான்களை அடுப்படி வரை தூக்கி வைத்துவிட்டுப் போன சீனர் கடைப் பையன், கோயிலில் என் பெயருக்கு அர்ச்சனை செய்தவர்கள் ஆகிய அனைவருக்கும் என் நன்றி. எலும்புக்கான அலெண்ட்ரோனேட் மாத்திரையை வாரம் ஒரு நாள் வெறும் வயிற்றில் வெறும் தண்ணீரோடு விழுங்கிவிட்டு, குறைந்தது அரை மணி நேரம் சாயாமல் நிமிர்ந்திருக்க வேண்டும். முதுகு உடைந்தவளுக்கு அந்த அரை மணி நேரம் எவ்வளவு நீளமானது என்பதை உணர்ந்து, ஞாயிறுதோறும் விடியற்காலையில் வந்து என் எதிரே உட்கார்ந்து ஊர்க்கதை பேசிய பக்கத்து வீட்டு அம்மாவுக்குத் தனியாக ஒரு கும்பிடு.

இனி, தையல்கார அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஊரில் எல்லாரும் அவரை அப்படித்தான் அழைக்கிறார்கள். பெயரைப் போட வேண்டாம் என்று அவரும் கேட்டுக்கொண்டதால் நானும் அப்படியே எழுதுகிறேன்.

பழைய கடைவரிசையின் முன்நடையான அஞ்சடியில் ஒற்றைத் தையல் இயந்திரத்தோடு அமர்ந்திருப்பவர் அவர். தீபாவளிக்கு அப்போது ஒன்பது நாட்களே இருந்தன. ரவிக்கைத் துணிகள் பெயர்ச்சீட்டுகளோடு மூட்டை மூட்டையாகக் காத்திருக்கும் அந்த நேரத்தில், ஒரு பிற்பகல் கடையைச் சாத்திவிட்டு என் வீட்டுக்கு வந்தார். நான் உண்ணும் ஸ்டீராய்டு மருந்தின் அளவைக் கூட்டியதால் முகமும் தோளும் உப்பி, எந்த ரவிக்கையும் சேராமல் போனபோது, அவற்றையெல்லாம் பிரித்துத் தைத்துக் கொடுத்தவர் அவர்தான். ஆகையால் அது சம்பந்தமாக வந்திருப்பார் என்றே நினைத்தேன். அவரோ என்னைப் படுக்கச் சொல்லி, முதுகுக்குக் கட்டியிருந்த கெட்டியான பெல்ட்டைத் தளர்த்தி, அது விலாவில் பதிந்திருந்த இடத்தைப் பார்த்தார்.

உடலின் எதிர்ப்புச் சக்தியே உடலைத் தாக்கும் லூபஸ் நோய்க்காக 14 ஆண்டுகளாக நாள் தவறாமல் பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரையை விழுங்கியதில் என் தோல் வெங்காயச் சருகு போல் மெலிந்திருக்கிறது. கதவு இலேசாக இடித்தாலே நீலம் பாய்ந்துவிடும். பெல்ட் அழுத்துவதால்தான் புண்ணாகிறது என்று நான் நம்பிக்கொண்டிருந்தேன். உண்மையில் அழுத்தியது பெல்ட் என்றாலும், அறுத்தது அதற்கு அடியில் நான் போட்டிருந்த பனியனின் பக்கத் தையல். அதைக் கண்டுபிடிக்க அவருக்கு ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

“உள்ளே மடிச்சுத் தைக்கிறதெல்லாம் பாக்குறவங்களுக்காக, டீச்சர். உங்க உள்சட்டைய யாரு பாக்கப் போறா? தையல் வெளிப்பக்கம் இருக்கட்டும்.”

பரணில் கிடந்த என் தந்தையாரின் பழைய வேட்டிகளைக் கேட்டு வாங்கிச் சென்றார். புதுத்துணி எவ்வளவு விலை கொடுத்தாலும், பல ஆண்டுகள் துவைத்துத் துவைத்து மெத்தென்றாகிவிட்ட வேட்டிக்கு ஈடாகாது என்பது அவருடைய கணக்கு. மூன்றாம் நாள் ஆறு உள்சட்டைகள் வந்தன. கையைத் தலைக்கு மேல் தூக்காமல் போட்டுக்கொள்ள முன்பக்கம் முழுவதும் திறப்பு. பெல்ட்டுக்கு அடியில் உறுத்தும் என்பதால் பொத்தான்களுக்குப் பதிலாக நாடா. நெஞ்சருகே, பெல்ட் மறைக்காத இடத்தில், சிறிய பை ஒன்று. கூலி வாங்க மறுத்தார். விடாமல் வற்புறுத்தியதும் நூல் காசு என்று சொல்லி இரண்டு வெள்ளி எடுத்துக்கொண்டார்.

அந்தப் பை எதற்கு என்று கேட்டேன். “அந்த மாத்திரப் பேர எழுதி இதுல வைங்க. மயங்கிக் கெடந்தா யாரு சொல்றது?” என்றார்.

அவர் மருத்துவம் படித்தவர் அல்லர். ஆனால் அவர் சொன்னதில் பெரிய உண்மை இருந்தது. சிறுநீரகங்களின் மேல் தொப்பி போல் அமர்ந்திருக்கும் அட்ரீனல் சுரப்பிகள், வெளியிலிருந்து ஸ்டீராய்டு நெடுங்காலம் வந்துகொண்டே இருந்தால், தம் வேலையை மறந்து உறங்கிவிடுகின்றன. அறுவை சிகிச்சை போன்ற பெரும் சோதனை வரும்போது உடல் தானாகக் கூடுதலாகச் சுரக்க வேண்டியதை அவற்றால் சுரக்க முடியாது; மருந்தையும் நிறுத்திவிட்டால் இரத்த அழுத்தம் சரிந்து உயிருக்கே ஆபத்தாகலாம். அதனால்தான் மயக்க மருந்து கொடுக்கும் டாக்டர் என்னை மூன்று முறை கேட்டு உறுதி செய்துகொண்டு, கத்தி படும் முன்பே 100 மில்லிகிராம் ஹைட்ரோகார்ட்டிசோன் என்ற ஸ்டீராய்டை நரம்பில் ஏற்றினார். அந்தச் சீட்டுதான் என்னைக் காப்பாற்றியது என்று கதை கட்ட மாட்டேன். என் கோப்பில் எல்லாம் எழுதப்பட்டிருந்தது. ஆயினும் மருத்துவமனையில் சேர்ந்த இரவு, வலி மருந்தின் மயக்கத்தில் வாய் குழறியபோது, எதுவும் பேசாமல் நெஞ்சருகே விரலைக் காட்டினேன்; மிஸ்ஸி (தாதி) சீட்டை எடுத்துப் படித்துவிட்டுத் தலையசைத்தார். அந்தத் தலையசைப்புக்குப் பிறகுதான் எனக்குத் தூக்கம் வந்தது.

அறுவைக்குப் பின்னும் எல்லாம் மெதுவாகவே நடந்தது. எலும்பு நொய்ந்துவிட்டதால் திருகாணிகள் பிடிப்பதற்கு எலும்புச் சிமெண்ட் வைத்தார்கள், சர்க்கரை ஏறியது, தையல் பிரிக்கும் நாளை இரண்டு முறை தள்ளிப் போட்டார்கள். நைந்த துணியில் அவசரப்பட்டு நூலை உருவினால் கிழியும் என்று, என்னைப் பார்க்க வந்த அக்கா அதற்கும் ஒரு நியாயம் சொன்னார்.

எங்கள் ஊரில் தோட்டத் துரைமார்கள் சுடப்பட்டு மலாயாவில் அவசரகாலம் தொடங்கிய அதே 1948ஆம் ஆண்டில், அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் மூட்டுவாதத்தால் முடங்கிக் கிடந்த ஒரு பெண்ணுக்குக் கார்ட்டிசோன் என்ற ஸ்டீராய்டு செலுத்தப்பட்டு, சில நாட்களில் அவர் எழுந்து நடந்தார். அதற்காக 1950இல் நோபல் பரிசும் கிடைத்தது. பரிசு வாங்கிய அந்த மருந்தின் இனத்தைச் சேர்ந்த என் மருந்துதான் என் முதுகெலும்பை அரித்தது; அதே மருந்துதான் என் சிறுநீரகங்களை லூபஸ் தின்றுவிடாமல் 14 ஆண்டுகள் காத்தும் வந்தது. இரண்டும் உண்மை என்பதை ஏற்க எனக்கு நெடுநாள் பிடித்தது. அந்த மருந்தின் பெயரைச் சொல்லவே கூசி, வெறும் “வாத மாத்திரை” என்று உறவினர்களிடம் சொல்லி மழுப்பி வந்திருக்கிறேன். “அதை இன்றே நிறுத்து, நல்ல மாஜூன் இருக்கிறது” என்று அவர்கள் சொன்னதற்கு என் மழுப்பலும் ஒரு காரணம். பதிவு செய்யப்படாத சில மாஜூன், ஜாமு போன்ற நாட்டு மருந்துகளில் டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டே கலந்திருப்பதாகச் சுகாதார அமைச்சு பலமுறை எச்சரித்திருக்கிறது என்பது அவர்களுக்குத் தெரியாது. தெரியாமலே பல ஆண்டுகளாக அதை உண்பவர்கள் நம் தோட்டங்களிலும் இருக்கக்கூடும்.

ஆகவே அக்காவும் நானும் ஓர் ஏற்பாடு செய்திருக்கிறோம். அடுத்த மாதத்திலிருந்து சனிக்கிழமைதோறும் காலையில், பசியாறிய பிறகு, அவருடைய அஞ்சடியில் நான் உட்கார்ந்திருப்பேன். ஸ்டீராய்டு எடுப்பவர்கள் மருந்துப் பொட்டலத்தையும் கிளினிக் புத்தகத்தையும் கொண்டு வந்தால், மருந்தின் பெயர், அளவு, எந்த ஆண்டு முதல், திடீரென நிறுத்தக் கூடாது என்ற குறிப்பு ஆகியவற்றை மலாயிலும் தமிழிலும் சீட்டாக எழுதித் தருவேன். மருந்தைக் கூட்டுவதும் குறைப்பதும் டாக்டரின் வேலை. அதைப் பற்றி என்னிடம் கேட்க வேண்டாம். சட்டையில் பை தைப்பது அக்காவின் பொறுப்பு.

முதுகுக்குப் பெல்ட் கட்டியிருப்பவர்கள் வீட்டில் பழைய வேட்டி இருந்தால் அதையும் எடுத்து வாருங்கள். துவைத்திருந்தால் போதும், கஞ்சி போட வேண்டாம் என்று அக்கா சொல்லச் சொன்னார்.