கோடைக்கு வரும் எட்டுப் பேர்

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. பள்ளிப் பிள்ளைகளுக்காக நீ நடத்தும் மாலை மையம் மூன்றாவது ஊரிலும் தொடங்கிவிட்டது என்று படித்ததில் அவ்வளவு சந்தோஷம். இங்கே எல்லோரும் நலம். எங்கள் கல்லூரியில் நாட்டு நலப்பணித் திட்ட (என்.எஸ்.எஸ்.) அலுவலர் பொறுப்பு இந்த ஆண்டும் என்னிடம்தான். விடுமுறையில் எட்டு மாணவர்களை அனுப்ப முடியுமா, வந்தால் என்ன வேலை கொடுப்பது என்று கேட்டிருந்தாய். அனுப்புகிறேன். ஆனால் அதற்குமுன் நீ முடிவு செய்ய வேண்டியது சில உண்டு.

அவர்கள் போன பிறகும் மையத்துக்குப் பயன்படுகிற ஒரே ஒரு வேலையைத் தேர்ந்தெடுத்து, அதை முழுசாக அவர்கள் பொறுப்பில் விடு. நாட்டு நலப்பணித் திட்டத்தில் ஒவ்வொரு மாணவருக்கும் சேவை நேரம் இவ்வளவு என்று கணக்கு உண்டு. ஆண்டுக்கு 120 மணி நேரம், இரண்டு ஆண்டில் 240. கணக்கு மணி நேரத்தில் இருப்பதால், நேரத்தை நிரப்புவதே வேலையாகிவிடும் ஆபத்து எப்போதும் உண்டு: பேரணி, உறுதிமொழி, மே வெயிலில் மரக்கன்று நடுதல். கன்றுக்கு இரண்டு கோடை தண்ணீர் ஊற்ற ஆளும் ஆடு கடிக்காமல் கூண்டும் இல்லாவிட்டால் அது பிழைக்காது. நட்ட மாணவனும் எதையும் கற்றிருக்க மாட்டான்.

உன் மையத்துக்கு வாசிப்புச் சோதனையும் அதைத் தொடர்ந்த வகுப்பும்தான் பொருத்தம். பிரதம் என்ற கல்வித் தொண்டு அமைப்பு, கிராமப்புறக் குழந்தைகளின் வாசிப்பையும் கணக்கையும் அளக்கும் அசர் (ASER) ஆய்வில் 2005 முதல் பயன்படுத்தும் முறை எளியது. ஒரு தாளில் எழுத்துகள், சொற்கள், ஒன்றாம் வகுப்பு நிலையில் ஒரு பத்தி, இரண்டாம் வகுப்பு நிலையில் ஒரு கதை. பத்தியில் ஆரம்பிக்க வேண்டும். மூன்று பிழைக்கு மேல் போகாமல், எழுத்துக் கூட்டாமல் வாக்கியமாகவே படித்தால் கதைக்குப் போகலாம். இல்லையென்றால் சொல்லுக்கு இறங்க வேண்டும். ஐந்தில் நான்கு சரியாக வர வேண்டும். அதுவும் வராவிட்டால் எழுத்து.

முறை எளிது என்றாலும் மாணவர்கள் தடுமாறும் இடங்கள் எப்போதும் அவையேதான். குழந்தை ஒரு சொல்லில் நின்றால் வாய் தானாக அந்தச் சொல்லை எடுத்துக் கொடுத்துவிடும். அந்த உதவியால் சொல் நிலையில் இருக்கிற குழந்தை பத்திக் குழுவில் போய் உட்காரும். சோதனைக்குப் பிறகு நடக்கும் மூன்று வார வகுப்பிலும் ஒன்றும் புரியாமல் விழிக்கும். மனசுக்குள் பத்து எண்ணும்வரை பேசாமல் இருக்கப் பழக்கு. அடுத்தது, பாடப்புத்தகத்திலிருந்து பத்தி எடுப்பது. முதல் வரியைக் கண்டதும் பிள்ளைகள் முழுப் பாடத்தையும் ஒப்பித்துவிடுவார்கள். விரல் ஒரு வரியில் இருக்கும், வாய் மூன்றாவது வரியில் இருக்கும். புதிதாக எழுதிய பத்திதான் வேண்டும். இன்னொன்று, 'வாழைப்பழம்' என்று எழுதியிருப்பதை 'வாளப்பளம்' என்று படித்தால் அது வாசிப்புப் பிழை ஆகாது. வீட்டில் பேசுகிற மாதிரி படிக்கிறது, அவ்வளவுதான். நகரத்திலிருந்து வருகிறவர்கள் இதற்கு மதிப்பெண் குறைப்பார்கள். பயிற்சியின் முதல் நாளே சொல்லிவிடு.

எட்டுப் பேரை நான்கு ஜோடியாகப் பிரி. ஒருவர் கேட்கட்டும், ஒருவர் குறிக்கட்டும். ஒரு குழந்தைக்குப் பத்து நிமிடம் என்றால், ஒன்றரை மணி நேரத்தில் ஒரு ஜோடி ஏழெட்டுக் குழந்தைகளைப் பார்த்துவிடும். நூறு குழந்தைகளை நான்கு மாலையில் முடிக்கலாம். ஆறு வாரம், வாரத்துக்கு ஐந்து நாள், மூன்று மணி முதல் ஏழு மணி வரை என்று வைத்தால் 120 மணி நேரம் சரியாக வந்துவிடும். முதல் வாரம் பயிற்சியும் வீடு வீடாகப் போய்ப் பெற்றோரிடம் சம்மதம் வாங்குவதும். இரண்டாவது வாரம் சோதனை. பிறகு வகுப்பைப் பார்க்காமல் நிலையைப் பார்த்துக் குழு பிரித்து மூன்று வாரம் தினமும் கற்பித்தல். ஆறாவது வாரம் மறுசோதனை. மறுசோதனையைச் சொல்லிக்கொடுத்தவரே செய்யக்கூடாது, வேறு ஜோடி செய்ய வேண்டும். தன் பிள்ளை படிப்பதைக் கேட்கும்போது யாருக்கும் காது இரக்கப்படும்.

நூறு நாள் வேலைக்கும் களையெடுப்புக்கும் போனவர்கள் திரும்பிய பிறகுதான் சம்மதம் வாங்கப் போக வேண்டும். பகலில் போனால் பூட்டிய கதவுதான்.

மையத்தை நடத்தும் அக்காதான் அவர்களுக்கு மேற்பார்வையாளர் என்று முதல் நாளே அவர்கள் முன்னால் சொல். பன்னிரண்டாம் வகுப்போடு நின்றவர்தானே என்று பட்டப்படிப்புப் பிள்ளைகள் அவருக்கே வகுப்பெடுக்கத் தொடங்குவார்கள். எந்தக் குழந்தை பசியோடு வருகிறது, எந்த வீட்டில் தகப்பன் ஊரில் இல்லை என்பதெல்லாம் அவருக்குத்தான் தெரியும். அவரிடம் கேட்டுக் கற்கிற மாணவன்தான் ஆறு வாரத்தில் ஆளே மாறியிருப்பான்.

பாதுகாப்பில் கொஞ்சமும் தளர்வு வேண்டாம். குழந்தையோடு யாரும் தனியாக இருக்கக்கூடாது. முகம் தெரியும் படம் எடுத்து ஸ்டேட்டஸ் வைக்கக்கூடாது. குழந்தை ஏதாவது சொல்ல வரும்போது 'யாரிடமும் சொல்ல மாட்டேன்' என்று வாக்குக் கொடுக்கவே கூடாது. குழந்தைகள் மீதான பாலியல் குற்றங்களுக்கு எதிரான 2012-ஆம் ஆண்டு போக்சோ சட்டப்படி, அப்படியொரு குற்றம் நடந்தது தெரிந்தவர் புகார் செய்தே ஆக வேண்டும். கேட்டதை அன்றே உன்னிடம் சொல்லச் சொல். குழந்தைகள் உதவி எண்ணான 1098-ஐச் சுவரில் எழுதி வை.

நாட்குறிப்பு கட்டாயம். 'மிகவும் பயனுள்ளதாக இருந்தது' என்று எழுதினால் திருப்பிக் கொடுத்துவிடு. இன்று யார் எந்த எழுத்தில் நின்றார், நான் என்ன செய்தேன், ஏன் பலிக்கவில்லை, நாளை என்ன மாற்றுவேன் என்று அரைப்பக்கம் போதும். குழந்தையின் பெயர் வேண்டாம், எண் போதும். வாரம் ஒருமுறை ஒவ்வொருவரோடும் கால் மணி நேரம் அதை வைத்துக்கொண்டு பேசு. உனக்கு நேரமில்லை என்பது தெரியும். ஆனாலும் இதை மட்டும் விட்டுவிடாதே. வேலை அனுபவமாவது இந்தப் பேச்சில்தான். கணினிப் பிரிவுப் பிள்ளைகளை ஆறு வாரமும் போஸ்டர் செய்ய அலுவலகத்தில் உட்கார வைப்பதும் வேண்டாம்.

பணத்தைப் பற்றி ஒளிக்காமல் சொல்கிறேன். என் மாணவர்களில் பாதிப் பேர் விடுமுறையில் ஜவுளிக்கடையிலும் கேட்டரிங்கிலும் சம்பாதித்துத்தான் அடுத்த பருவக் கட்டணம் கட்டுகிறார்கள். மூன்று மணிக்கு வேலை தொடங்கினால் காலை ஷிப்டாவது அவர்களுக்கு மிஞ்சும். பெண்களுக்கு டவுன் பஸ்ஸில் டிக்கெட் இல்லை, பையன்களுக்கு உண்டு. பயணப்படியும் சாயங்காலம் டீயும் ஏதாவது பலகாரமும் நீ தராவிட்டால், வசதியான வீட்டுப் பிள்ளைகள் மட்டுமே வருவார்கள். உன் மையத்துக் குழந்தைகளைப் போலவே வளர்ந்து வந்த மாணவன் வரமாட்டான். அவன் வருவதுதான் எனக்கு முக்கியம். மாணவிகளுக்குக் கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்று பார்த்து, அதற்கேற்ப வகுப்பை முடி.

சான்றிதழில் 'சிறப்பாகப் பணியாற்றினார்' என்று எழுதாமல், எத்தனை மணி நேரம், எத்தனை குழந்தைகளுக்குச் சோதனை, எந்தக் குழுவுக்கு வகுப்பு என்று எழுது. வருகைப் பதிவில் தினமும் கையெழுத்து வாங்கி, நகலை எனக்கு அனுப்பு.

பெயர்ப்பட்டியலை ஏப்ரல் கடைசிக்குள் அனுப்பிவிடுகிறேன். மூன்று ஊரில் எந்த ஊருக்கு அவர்களை அனுப்பப் போகிறாய் என்று மட்டும் முன்கூட்டியே எழுது. மூன்றுக்கும் பிரித்து அனுப்ப வேண்டாம். அம்மாவைக் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
உன் நண்பன்