டேலிக்கு டிடிஎல் எழுதும் சிறு நிறுவனத்தாருக்கு ஒரு திறந்த மடல்

வணக்கம்.

திருப்பூரிலும் கோவையிலும் ஈரோட்டிலும் நாலைந்து பேரை வைத்துக்கொண்டு டேலி என்கிற கணக்கு மென்பொருளுக்கு, அதற்கே உரிய டிடிஎல் என்ற நிரல்மொழியில் கூடுதல் வசதிகள் எழுதிப் பிழைக்கிற நம் எல்லோருக்குமான மடல் இது.

2023-இல் டேலி பிரைம் 4.0 பதிப்பு வந்தபோது, பில்லை அங்கிருந்தே வாட்ஸ்அப்பில் அனுப்பும் வசதியும் கூடவே வந்தது. அதைத் தனி ஆட்-ஆனாக விற்றுக்கொண்டிருந்தவர்கள் கலங்கிப் போனோம். "இனி நமக்கென்ன வேலை?" என்று ஒரு நண்பர் போனில் கேட்டார். அவருக்கு அன்று சரியாகப் பதில் சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன். நாடு முழுக்க எல்லாக் கடைக்கும் வேண்டியதை டேலியே செய்துவிடுவது நல்லது. செய்யாவிட்டால் வாடிக்கையாளர் வேறு மென்பொருளுக்குப் போவார், நம் பிழைப்பும் கூடவே போகும்.

போன வருடம் ஒரு பனியன் கம்பெனியில், கணக்குப் பார்க்கும் அம்மாவின் மேஜையருகே ஒரு நாள் முழுக்க உட்கார்ந்திருந்தேன். டேலி திறந்தேதான் இருந்தது. ஆனால் யார் எதைக் கேட்டாலும் அவர் புரட்டியது ஒரு நீள நோட்டை. நிட்டிங்குக்குப் போன நூல் எத்தனை கிலோ, எந்த டயாவில் (விட்டத்தில்) துணியாக வந்தது, சாயப்பட்டறையிலிருந்து எந்த ஷேடில் திரும்பியது, ஒவ்வொரு கட்டத்திலும் எடை எவ்வளவு குறைந்தது, எல்லாம் பென்சிலில். லாட் நம்பர் ஒன்று மாறினால் பட்டறைக்காரரோடு சண்டைதான். வேலைக்கு வெளியே போகும் சரக்கையும் திரும்பி வருவதையும் பதிய மெட்டீரியல் அவுட், மெட்டீரியல் இன் வவுச்சர்கள் டேலியிலேயே உண்டு. அவருக்கு வேண்டியிருந்தது அந்த நோட்டின் பக்கம் அப்படியே திரையில். எழுதிக் கொடுக்க மூன்று வாரம் ஆனது. அதில் இரண்டு வாரம் நோட்டைப் புரிந்துகொள்ளவே போயிற்று.

அந்த இரண்டு வாரம்தான் நம் சொத்து என்கிறேன். டேலி பிறந்ததும் இப்படித்தானே? ஆலைகளுக்கு மூலப்பொருளும் இயந்திர பாகங்களும் விற்றுவந்த சியாம் சுந்தர் கோயங்கா, தன் வியாபாரக் கணக்குக்குப் பொருத்தமான மென்பொருள் கிடைக்காமல், மகன் பரத்தை எழுதச் சொன்னார். 1986-இல் பெங்களூரில் தொடங்கிய நிறுவனம் அது.

ஆனால் நாம் என்ன செய்கிறோம்? பக்கத்துத் தெருக்காரர் சொன்ன விலையில் ஆயிரம் குறைத்து வேலை பிடிக்கிறோம். வாடிக்கையாளர் நம்மை விட்டுப் போகக்கூடாதென்று ஓட்டத்தான் முடியும், திருத்த முடியாது என்கிற டிசிபி கோப்பை மட்டும் கொடுத்து, மூல நிரலைப் பூட்டி வைக்கிறோம். எழுதியவர் கடையை மூடிவிட்டுப் போனதால், ஒரு வரி மாற்ற ஆளில்லாமல் பழைய பதிப்பிலேயே நிற்கிற கம்பெனிகளை நானே பார்த்திருக்கிறேன். அங்கே கெட்டது நம் எல்லோருடைய பெயரும்தான்.

இந்த மாதம் முதல் நான் எழுதும் ஒவ்வொரு வேலைக்கும் மூலக் கோப்பையும், எந்தப் புலம் எதற்கு என்று தமிழில் எழுதிய இரண்டு பக்கத்தையும் சேர்த்தே கொடுக்கிறேன். நீங்களும் கொடுங்கள். விலையை மட்டும் குறைக்காதீர்கள்.

அன்புடன்,
திருப்பூரிலிருந்து உங்களில் ஒருவன்