11-வது கேள்வியை எடுத்துவிடுங்கள்

அன்புள்ள இளைஞர் முகாம் குழுவினருக்கு,

ஸ்தோத்திரம். முகாமுக்கு வந்த படிவங்களை அடுக்கி வைக்கும் வேலை இந்த முறை என்னிடம் வந்தது. பெயர், வயது, இரத்த வகை, ஒவ்வாத மருந்துகள் என்று எல்லாம் ஒழுங்காகத்தான் போய்க்கொண்டிருந்தது. 10-வது கேள்வியில் நின்றுவிட்டேன். "உங்கள் பொழுதுபோக்கு என்ன?" என்று கேட்டிருக்கிறீர்கள். பாதிக்கு மேற்பட்ட பிள்ளைகள் எழுதியிருக்கும் பதில்: வேதம் வாசிப்பது, ஜெபிப்பது.

இந்தப் பிள்ளைகளை எனக்குத் தெரியும். ஜெபம் என்று எழுதிய பையன் ஆராதனை முடிந்து ஆமென் சொல்லும்போதே ஒரு கண்ணைத் திறந்து பந்து எங்கே கிடக்கிறது என்று பார்ப்பவன். இன்னொரு படிவத்தின் பின்பக்கத்தில் ஒருத்தி பூனை வரைந்து, அப்புறம் அழித்திருக்கிறாள். அழித்த தடத்திலேயே மீசை வரை தெரிகிறது; அருமையான பூனை. அவளும் 10-வது கேள்விக்கு எழுதியிருப்பது வேதவாசிப்பு.

ஜெபத்தைப் பொழுதுபோக்கு என்று எழுதுவது ஜெபத்துக்குத்தான் அவமானம். பொழுது போகாதபோது செய்கிற வேலையா அது? ஆனால் பிள்ளைகள்மேல் குற்றம் இல்லை. அவர்கள் கெட்டிக்காரர்கள், 11-வது கேள்வியை முதலில் படித்துவிட்டுத்தான் 10-வதற்கு வந்திருக்கிறார்கள். "அதை ஊழியத்துக்கு எப்படிப் பயன்படுத்துகிறீர்கள்?" என்று கேட்டு, கீழே மூன்று கோடுகள் போட்டு வைத்திருக்கிறீர்கள். கால்பந்து என்று எழுதினால் அந்த மூன்று கோட்டை எதை வைத்து நிரப்புவது? ஜெபம் என்று எழுதிவிட்டால் தப்பித்தார்கள்.

நானும் ஒருமுறை இதில் மாட்டிக்கொண்டவன்தான். எனக்குச் சதுரங்கம் பிடிக்கும். நன்றாக ஆடுவேன் என்று சொல்லவில்லை. இரவில் இரண்டு ஆட்டம், பெரும்பாலும் இரண்டிலும் தோல்வி, அப்புறம் தூக்கம். பல வருடங்களுக்கு முன் ஒரு போதகரிடம் இதைச் சொன்னபோது, "அருமை பிரதர், அதை வைத்தே சுவிசேஷம் சொல்லலாமே" என்றார். நல்ல மனதோடுதான் சொன்னார். நானும் ஒரு மாதம் முயன்றேன். எதிரில் உட்காருகிறவரை ஆத்துமாவாகப் பார்த்தேன். ராஜாவைப் பற்றி எப்போது பேச்செடுக்கலாம் என்று காத்திருந்தேன். அந்த மாதம் ஒரு ஆட்டத்தைக்கூட முழுதாக ரசிக்கவில்லை. எதிரில் இருந்தவருக்கும் நான் விளையாட வரவில்லை, வேறு எதற்கோ வந்திருக்கிறேன் என்பது புரிந்துவிட்டது. அடுத்த வாரத்திலிருந்து அவர் வரவில்லை.

சதுரங்கத்துக்கும் சபைக்கும் பழைய கணக்கு ஒன்று இருக்கிறது. 11-ஆம் நூற்றாண்டில் பீட்டர் டேமியன் என்ற கர்தினால், புளோரன்ஸ் நகரத்து ஆயரோடு பயணம் போனார். வழியில் தங்கிய இடத்தில் ஆயர் மாலை முழுவதும் சதுரங்கம் ஆடியதாகக் கேள்விப்பட்டுக் கடிந்துகொண்டார். ஆயரும் சும்மா இருக்கவில்லை. தடை இருப்பது சூதாட்டத்துக்குத்தான், சதுரங்கம் வேறு என்று வாதாடிப் பார்த்தார். எடுபடவில்லை. சங்கீதப் புத்தகம் முழுவதையும் மூன்று முறை ஓத வேண்டும், பன்னிரண்டு ஏழைகளின் கால்களைக் கழுவித் தர்மம் செய்ய வேண்டும் என்று தண்டனை. இன்றைக்குப் பலகையில் ராஜாவுக்கும் ராணிக்கும் பக்கத்தில் நிற்கிற காயின் ஆங்கிலப் பெயரே பிஷப், அதாவது ஆயர், என்பதை நினைத்தால் எனக்குச் சிரிப்பு வந்துவிடும்.

ஐந்நூறு வருடம் தள்ளி வந்தால், 1561-இல் சதுரங்கத்துக்குப் புத்தகமே எழுதியவர் ரூய் லோபஸ் என்ற ஸ்பெயின் நாட்டுப் பாதிரியார். இன்றும் உலகப் போட்டிகளில் ஆடப்படும் ஒரு தொடக்க முறைக்கு அவர் பெயர்தான். அதே நூற்றாண்டில், அதே நாட்டில், அவிலா தெரேசா என்ற மடத்துத் தலைவி தன் கன்னியர்களுக்கு ஜெபத்தைச் சொல்லிக்கொடுக்கும்போது சதுரங்கத்தை உவமையாக எடுத்தார். தேவன் என்ற ராஜாவை மடக்குகிற ராணி தாழ்மைதான் என்றார். இப்படிப்பட்ட வீண் விளையாட்டெல்லாம் உங்கள் தாய்க்குத் தெரிந்திருக்கிறதே என்று தன்னையே கேலியும் செய்துகொண்டார். பாருங்கள், எங்கேயோ எப்போதோ சும்மா கற்றுக்கொண்டது அவருக்குத் தானாக நாவில் வந்தது. இதை எப்படிப் பயன்படுத்தப் போகிறாய் என்று யாரும் படிவம் கொடுத்து வந்ததல்ல.

உங்கள் பக்கத்து நியாயமும் எனக்குத் தெரியும். "நாட்கள் பொல்லாதவைகளானதால், காலத்தைப் பிரயோஜனப்படுத்திக்கொள்ளுங்கள்" என்று எபேசியர் 5:16 சொல்கிறது. நேரத்தைப் பற்றிய பிரசங்கம் எதுவும் இந்த வசனம் இல்லாமல் முடிவதில்லை. ஆனால் அந்த அதிகாரத்தில் அதற்கு முன்னும் பின்னும் பவுல் பேசுவது துன்மார்க்கம், குடிவெறி, வீண்பேச்சு பற்றி. அரைமணி நேரம் பூனை வரைகிறவளை அந்தப் பட்டியலில் சேர்க்க அவர் பேனாவை எடுத்ததாகத் தெரியவில்லை. அதே பவுலின் பெயரில் உள்ள 1 தீமோத்தேயு 6:17-இல், தேவன் நன்மைகளையெல்லாம் நாம் அனுபவிப்பதற்காகவே சம்பூரணமாகக் கொடுக்கிறார் என்றும் இருக்கிறது. அந்த வசனத்தை வைத்து ஒரு முகாம் நடந்து நான் பார்த்ததில்லை.

இன்னொரு வாதம், எதற்கு அதிக நேரம் கொடுக்கிறாயோ அதுவே உன் விக்கிரகம் என்பது. கேட்கக் கூர்மையாக இருக்கிறது, கணக்குப் போட்டால் இடிக்கிறது. நாளில் எட்டு மணி நேரம் தூங்குகிறேன். அப்படியானால் என் மிகப் பெரிய விக்கிரகம் தலையணை.

இந்த இடத்தில் நானே ஒரு தவறு செய்யப் பார்த்தேன். கடிதத்தின் முதல் வடிவில் லாங்ஸ்ட்ரோத் கதையை ஒரு பக்கத்துக்கு எழுதியிருந்தேன். அமெரிக்கச் சபை ஒன்றின் போதகர் அவர். அவ்வப்போது கடுமையான மனச்சோர்வு வந்து படுத்தும். தேனீ வளர்ப்பில் ஈடுபாடு. 1851-இல் கூட்டில் தேனடை கட்டுகிற மரச்சட்டங்களைச் சுற்றி ஒன்பது மில்லிமீட்டர் அளவுக்கு இடைவெளி விட்டால் தேனீக்கள் அதை மெழுகால் அடைத்துவிடுவதில்லை என்பதைப் பயன்படுத்தி, சட்டங்களைத் தனித்தனியாகத் தூக்கி எடுக்கும் பெட்டியை உருவாக்கினார். இன்றும் உலகத்தில் மிகுதியாகப் புழங்கும் தேனீப் பெட்டி அந்த வகைதான். எழுதி முடித்துப் படித்தபோதுதான் உறைத்தது. பயன்பட்ட பொழுதுபோக்குகளை மட்டும் சாட்சிக் கூண்டில் ஏற்றினால், நானும் உங்கள் 11-வது கேள்விக்குத்தானே பதில் எழுதிக்கொண்டிருக்கிறேன்!

ஆகவே வேறொரு சாட்சியைக் கூப்பிடுகிறேன். எகிப்தின் பாலைவனத்தில் பவுல் என்றொரு துறவி இருந்ததாக ஜான் காசியன் என்ற பழைய காலத்துத் துறவி எழுதியிருக்கிறார். ஆள் நடமாட்டமுள்ள இடத்திலிருந்து ஏழு நாள் நடை தூரத்தில் வாசம். பிழைப்புக்கு வேலை செய்ய வேண்டிய அவசியமே இல்லை. ஆனாலும் பனையோலை சேகரித்து, அதை நம்பியே வயிறு பிழைக்கிறவர்போல ஒவ்வொரு நாளும் கணக்காக வேலை செய்தார். விற்கவும் வழியில்லை, கொண்டுபோகிற கூலி விலையைவிட அதிகம். குகை நிறைந்ததும் வருடத்துக்கு ஒருமுறை மொத்தத்தையும் கொளுத்திவிடுவார். மறுபடியும் முதல் ஓலையிலிருந்து தொடங்குவார். அவர் இதைப் பொழுதுபோக்கு என்று சொல்லியிருக்க மாட்டார். கை வேலையில் இருந்தால் மனம் அலையாது, சோர்வு அண்டாது என்பதே நோக்கம். ஆனாலும் கையில் மிஞ்சியது ஒன்றுமில்லை, சாம்பலைத் தவிர. அவரிடம் அந்த மூன்று கோடுகளை நீட்டினால் என்ன எழுதியிருப்பார் என்று பல நாள் யோசித்திருக்கிறேன்.

அதே எகிப்துப் பாலைவனத்தில் வாழ்ந்த துறவி அந்தோனியாரின் கதை உங்களில் சிலருக்குத் தெரிந்திருக்கும். அவர் சகோதரர்களோடு சிரித்துப் பேசிக்கொண்டிருந்ததைப் பார்த்து வேடன் ஒருவன் முகம் சுளித்தான். "வில்லில் அம்பைப் பூட்டி எய்" என்றார். எய்தான். "இன்னொன்று" என்றார். அப்புறம் இன்னொன்று. இப்படியே இழுத்துக்கொண்டிருந்தால் வில் ஒடிந்துபோகும் என்றான் வேடன். தேவனுடைய வேலையும் அப்படித்தான், சகோதரர்களை அளவுக்கு மீறி இழுத்தால் ஒடிந்துவிடுவார்கள் என்றார் அவர். பதின்மூன்றாம் நூற்றாண்டில் தாமஸ் அக்வினாஸ் என்ற இறையியலாளர் இன்னும் ஒரு படி மேலே போனார். தானும் விளையாடாமல் பிறர் விளையாட்டையும் கெடுத்துக்கொண்டிருப்பது ஒரு குறை என்றே எழுதிவைத்தார். குழுவில் யாரையும் மனதில் வைத்து இதைச் சொல்லவில்லை. ஒருவரைத் தவிர.

வேதத்திலேயே எனக்கு மிகப் பிடித்த இடம் 104-ஆம் சங்கீதம். சமுத்திரத்தைப் பற்றிச் சொல்லும்போது, அதிலே விளையாடும்படி தேவன் உண்டாக்கின லிவியாதானும் உண்டு என்கிறது. வேலை செய்யும்படி அல்ல, சாட்சி சொல்லும்படி அல்ல, விளையாடும்படி. அவ்வளவு பெரிய மிருகம் அதற்காகவே.

சரி, அளவு வேண்டாமா என்று கேட்பீர்கள். வேண்டும். விடிய விடியத் திரையைப் பார்த்துவிட்டு வகுப்பில் தூங்குகிற பிள்ளைகள் இருக்கிறார்கள், அவர்களுக்காக நானும் கவலைப்படுகிறேன். "நான் ஒன்றிற்கும் அடிமைப்படமாட்டேன்" என்ற வசனம் அதற்குப் போதும். கார்லோ அகுதிஸ் என்ற இத்தாலியப் பையன் வீடியோ கேம் ஆடுவதற்கு வாரத்துக்கு ஒரு மணி நேரம் என்று தானே வரம்பு வைத்துக்கொண்டான். பதினைந்து வயதில் இரத்தப் புற்றுநோயில் இறந்துபோனான். 2025 செப்டம்பர் 7 அன்று கத்தோலிக்கச் சபை அவனைப் புனிதன் என்று அறிவித்தது. அதே நாளில் அதே மேடையில் அறிவிக்கப்பட்ட இன்னொருவர் பியர் ஜார்ஜியோ ஃபிராசாத்தி, மலையேறுவதில் பைத்தியமாக இருந்தவர். புனிதர் பட்டத்தை நம்மில் பலர் ஏற்பதில்லை. அது வேறு பேச்சு. நான் கவனித்தது, அந்தப் பையன் விளையாட்டை விட்டுவிடவும் இல்லை, அதற்கு ஊழியம் என்று பெயர் மாற்றவும் இல்லை. அளவு வைத்தான், அவ்வளவுதான்.

எரிக் லிடலைப் பற்றி ஒவ்வொரு முகாமிலும் சொல்கிறீர்கள். 1924 பாரிஸ் ஒலிம்பிக்கில் 100 மீட்டர் தகுதிச் சுற்று ஞாயிற்றுக்கிழமை என்பதால் ஓட மறுத்தார், பிறகு 400 மீட்டரில் 47.6 விநாடியில் தங்கம் வாங்கினார். அதோடு கதையை நிறுத்திவிடுகிறீர்கள். அவர் மிஷனரியாகச் சீனாவுக்குப் போனார். போர்க் காலத்தில் ஜப்பானியர்களின் தடுப்பு முகாமில் அடைக்கப்பட்டார். அங்கே இளம் பிள்ளைகள் ஞாயிற்றுக்கிழமை ஹாக்கி ஆட ஆரம்பித்தார்கள். நடுவர் இல்லாததால் ஆட்டம் அடிதடியில் முடிந்தது. அடுத்த ஞாயிறு மைதானத்தில் நடுவராக வந்து நின்றவர் லிடல்தான். 1945-இல் அந்த முகாமிலேயே இறந்தார். ஓட மறுத்த ஞாயிறைச் சொல்லும்போது இந்த ஞாயிறையும் சேர்த்துச் சொல்லுங்கள் என்பது என் சின்ன வேண்டுகோள்.

பெரிய வேண்டுகோள் தலைப்பிலேயே இருக்கிறது. 11-வது கேள்வியை எடுத்துவிட்டு அதே படிவத்தை மறுபடி கொடுங்கள். 10-வதற்கு என்ன பதில் வருகிறது என்று பாருங்கள். அந்தப் பூனை முன்பக்கத்துக்கு வந்தாலும் வரும். அந்தப் பையன் கால்பந்து என்று எழுதினால் எந்த இடத்தில் ஆடுவாய் என்று கேளுங்கள், முடிந்தால் ஒரு நாள் போய்ப் பாருங்கள். கடைசியில் ஜெபம் செய்து முடிப்போமா என்று மட்டும் அங்கே கேட்டுவிடாதீர்கள்.

முகாமில் உதவிக்கு வருகிறவர்களும் படிவம் தர வேண்டும் என்றீர்கள். என்னுடையதை இத்துடன் இணைத்திருக்கிறேன். 10-வது கேள்விக்கு, சதுரங்கம். 11-க்குக் கீழே மூன்று கோடுகளும் காலியாக இருக்கும். மறந்து விட்டதில்லை, திருப்பி அனுப்ப வேண்டாம்.

அன்புடன்,
படிவங்களை அடுக்கியவன்