இந்த வருடக் கூத்துப் பருவம்: களரிக்கு உங்கள் கை வேண்டும்

அண்ணாமார், அக்காமார், தம்பி தங்கச்சிமார் எல்லாருக்கும் வணக்கம். மாரி ஓய்ந்து தை பிறந்தால் பழகத் தொடங்குவோம், சித்திரைக்குள் கூத்தின் இரண்டு பாணிகளான வடமோடியிலும் தென்மோடியிலும் ஒவ்வொன்று மேடையேறும். லாபத்துக்காக நடத்துகிற களரி இல்லை இது என்பது உங்களுக்குத் தெரியும். அரங்கேற்றிய பிறகு வீடு வீடாகப் போய் ஆடி, கொடுத்ததை வாங்கிக்கொண்டு வந்துதான் முந்தி செலவை அடைத்தார்கள், அந்த வழக்கத்தை இந்த முறை திரும்பக் கொண்டுவர ஆசை.

மழையில் கரப்புடுப்புகள் (கூத்தர் கட்டுகிற விரிந்த உடுப்புகள்) பூஞ்சணம் பிடித்துவிட்டன, மத்தளம் ஒன்றுக்குத் தோல் மாற்ற வேண்டும். தோல் வேலையை முதலில் முடிப்போம், ஏனென்றால் மத்தளம் சரியில்லாமல் கூத்துப் பழக்குகிற அண்ணாவியார் பிள்ளைகளுக்குத் தாளக்கட்டு (ஆட்டத்துக்கான தாளச் சொற்கள்) சொல்லிக் கொடுக்க முடியாது. 1960களில் பேராசிரியர் வித்தியானந்தன் பேராதனையில் கூத்தைச் சுருக்கி நவீன மேடைக்குக் கொண்டுபோனார், அது பெரிய காரியம். ஆனாலும் வட்டமான ஆடுகளமான வட்டக்களரியில் சுற்றியிருந்து விடிய விடியப் பார்க்கிற சுகம் வேறுதான், அதை நம் பிள்ளைகளும் ஒருதரம் அனுபவிக்க வேண்டும்.

காசுதான் என்றில்லை. அரிசி, தேங்காய், பழைய சேலை, சரிகைத் துணி, தையல் தெரிந்த கை, எதுவும் சரி. மூதூர், தம்பலகாமம் பக்கமிருந்து வருகிறவர்களுக்கு இரவில் பஸ் இல்லை, வான் வைத்திருப்பவர்கள் குழுவிலேயே சொல்லுங்கள். வரவு செலவுக் கணக்கு மாதம் முடிய இங்கேயே போடுவோம். அப்புறம், சல்லாரி (கைத்தாளம்) ஒரு சோடி யார் வீட்டிலோ நிற்கிறது, பார்த்துக் கொண்டுவாருங்கள்.