ஃபைலை அல்ல, ஃபோல்டரைத் திறக்கச் சொல்லுங்கள்: டெல்டா கல்லூரிகளின் கணினி ஆய்வகப் பொறுப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய பேராசிரியர்களுக்கும் ஆய்வகப் பொறுப்பாளர்களுக்கும் வணக்கம்.

தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை ஆய்வகங்களில் நிரல் எழுதும் மென்பொருளான விஎஸ் கோட் பழகும் பிள்ளைகளுக்காக இதை எழுதுகிறோம். ஒரு புராஜெக்ட் ஃபோல்டர் திறந்திருக்கும்போதே, பென்டிரைவில் இருக்கும் வேறொரு பைத்தான் ஃபைலை கண்ட்ரோல்-ஓ அழுத்தித் திறக்கிறார்கள். படிப்பதற்கும் நான்கு வரி நகலெடுப்பதற்கும் அது போதும். அங்கிருந்தபடியே ரன் கொடுக்கும்போதுதான் சிக்கல்.

மேட்டூர் நீர்மட்டத்தை வரைபடமாக்கும் ஒரு நிரலை எடுத்துக்கொள்வோம். நிரலும், தரவு அட்டவணை உள்ள சிஎஸ்வி ஃபைலும் பென்டிரைவில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. ஆனால் ரன் அழுத்தியதும் டெர்மினல், அதாவது நிரல் ஓடும் கட்டளைச் சாளரம், நிற்பது திறந்திருக்கும் புராஜெக்ட் ஃபோல்டரில். வெறும் பெயரைச் சொல்லித் திறக்கும் சிஎஸ்வியை பைத்தான் அங்கேதான் தேடும். ‘ஃபைல் நாட் ஃபவுண்ட்’ என்று வந்தால் நல்லது, தவறு கண்ணில் பட்டுவிடும். அதே பெயரில் பழைய சிஎஸ்வி ஒன்று அங்கே கிடந்தால் பிழைச் செய்தியே வராது. போன ஆண்டின் நீர்மட்டத்தை வைத்து, இந்த ஆண்டு ஜூன் 12 அன்று குறுவைக்குத் தண்ணீர் திறக்க முடியுமா என்று மாணவர் முடிவு எழுதிவிடுவார்.

இன்னொரு குழப்பமும் உண்டு. இம்போர்ட் செய்யும் துணை நிரல்களை பைத்தான், ஓடும் நிரல் இருக்கும் ஃபோல்டரில் தேடுகிறது. அதனால் இம்போர்ட் சரியாக நடக்கும், தரவு மட்டும் கிடைக்காது. மாணவர் நிரலையே சந்தேகித்து, சரியாக இருந்த வரிகளைக் கெடுப்பார். அந்த ஃபைலுக்கென உருவாக்கிய வெர்ச்சுவல் என்விரான்மென்ட்டும் (அதற்குத் தேவையான பைத்தான் தொகுப்புகள் உள்ள தனிச் சூழல்) தானாக வந்து சேராது.

ஆகவே கண்ட்ரோல்-கே, கண்ட்ரோல்-ஓ அழுத்தி ஃபோல்டரையே திறக்கப் பழக்குங்கள். இரண்டு புராஜெக்ட்டுகள் சேர்ந்தே வேண்டுமானால் ஃபைல் மெனுவில் ‘ஆட் ஃபோல்டர் டு ஒர்க்ஸ்பேஸ்’ இருக்கிறது. தரவின் பாதையை நிரல் இருக்கும் இடத்திலிருந்து கணக்கிட்டு எழுதும் பழக்கத்தை முதல் பருவத்திலேயே கொண்டுவர வேண்டும். ஜிப்பை முழுதாகப் பிரித்த பிறகே திறக்க வேண்டும். ஜிப்புக்குள்ளிருந்தே திறந்தால் விண்டோஸ் ஒரு தற்காலிக நகலைத்தான் தருகிறது, திருத்தியவை ஜிப்புக்குத் திரும்புவதில்லை.

அடுத்தது பாதுகாப்பு. இதில் விட்டுக்கொடுக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறோம். 2021இல் விஎஸ் கோடில், எந்த ஃபோல்டரை நம்புவது என்று நாமே முடிவுசெய்யும் ஒர்க்ஸ்பேஸ் டிரஸ்ட் என்ற வசதி வந்தது. நம்பிக்கை தராத இடத்து ஃபைலைத் திறந்தால், ரெஸ்ட்ரிக்டட் மோடில், அதாவது கட்டுப்படுத்தப்பட்ட நிலையில், திறக்கவா என்று அது கேட்கும். தொல்லை என்று சிலர் அதை மொத்தமாக அணைத்துவிடுகிறார்கள். ஒரு ஃபோல்டரைத் திறந்ததுமே தானாக ஓடும்படி அதற்குள் டாஸ்க் எனும் கட்டளையை எழுதிவைக்க முடியும். ரெஸ்ட்ரிக்டட் மோடு அதைத்தான் தடுக்கிறது. பலர் கைமாறும் பென்டிரைவுகள் புழங்கும் ஆய்வகத்தில் அந்தத் தடை கட்டாயம் வேண்டும்.

டவுன்லோட்ஸ் ஃபோல்டருக்கோ முழு டி டிரைவுக்கோ டிரஸ்ட் கொடுக்காதீர்கள். மேல் ஃபோல்டரை நம்பினால் உள்ளே வரும் அத்தனையும் நம்பப்பட்டதாகிவிடும். செட்டிங்ஸில் ‘அன்டிரஸ்டட் ஃபைல்ஸ்’ என்று தேடி, ‘ப்ராம்ப்ட்’ என்பதை ‘நியூ விண்டோ’ என மாற்றுங்கள். வெளி ஃபைல்கள் கேள்வி இல்லாமல் தனி ஜன்னலில், ரெஸ்ட்ரிக்டட் மோடில் திறக்கும். ஒவ்வொரு கணினியிலும் ஒருமுறை செய்தால் போதும். பருவத் தேர்வுக்கு முன்பே இதை முடித்துவிடுங்கள்.

இப்படிக்கு,
டெல்டா மாவட்டங்களில் நிரலாக்கம் கற்பிப்போர் சிலர்