பிரேக் மாட்யூல் போச்சுன்னு சொல்றதுக்கு முன்னாடி: பழைய கோர்வெட் ரிப்பேர் பாக்குறவங்களுக்கு ஒரு திறந்த மடல்

அமெரிக்காவுல பழைய சி5 கோர்வெட்டுக்கு (செவர்லே கம்பெனியோட அஞ்சாவது தலைமுறை ஸ்போர்ட்ஸ் கார்) வேலை பாக்குற ஒர்க்‌ஷாப்காரங்க எல்லாருக்கும் வணக்கம்.

1997 மாடல்ல இருந்து 2004 வரைக்கும் வந்த வண்டி, எல்எஸ்1 இன்ஜின், இன்னைக்கும் மிதிச்சா பறக்கும். இன்ஜின் வேலையில உங்க மேல ஒரு குறையும் இல்லைங்க. ஆனா டேஷ்போர்டுல ஏபிஎஸ் (பிரேக் அடிக்கும்போது சக்கரம் பூட்டிக்காம பாத்துக்கிறது) விளக்கும் டிராக்‌ஷன் விளக்கும் சேர்ந்து எரிஞ்ச உடனே ஸ்கேனரை மாட்டி, சி1214-னு ஒரு எரர் கோடு (கோளாறு எண்) வந்ததும் "பிரேக் மாட்யூல் அவுட்"னு, அதாவது ஏபிஎஸ்ஸை இயக்குற கம்ப்யூட்டர் பெட்டியே போச்சுன்னு, கைய விரிச்சிடுறீங்களே, அதைப் பத்திதான் இந்த மடல்.

அந்த மாட்யூல் எங்க கிடைக்குது? 1997-2000 வண்டியோடதுன்னா திறந்து உள்ள இருக்கிற ரிலேயோட (மின் ஸ்விட்ச்) சோல்டரைச் சரி பண்ணித் தர்ற ஆளுங்க இருக்காங்க. 2001-ல இருந்து வந்ததுக்கு கம்பெனியில புதுசு வர்றது நின்னு பல வருஷம் ஆச்சு, பெரும்பாலும் உடைச்ச வண்டியில கழட்டினதுதான் கதி, அதுக்கும் அதே வயசு, அதே வியாதி. அதனால இந்த வண்டியில தப்பா ஒரு பெட்டியைக் குத்தம் சொன்னீங்கன்னா ஓனர் கடைசியில ஏபிஎஸ் இல்லாமலே ஓட்டப் பழகிடுவாரு, 345-350 குதிரைத்திறன் வண்டியை, மழையில.

சி1214 என்ன சொல்லுது? சாலினாய்டு வால்வுக்கு (பிரேக் ஆயிலைத் திறந்து மூடுற மின் வால்வு) பவர் குடுக்குற ரிலேயோட சர்க்யூட் ஓபன், அதாவது எங்கயோ கரண்ட் பாதை விட்டுப்போச்சுன்னு சொல்லுது, அவ்வளவுதான். ரிலே பெட்டிக்குள்ள இருக்கு, சரி, பெட்டியே கெட்டுப்போயிருக்கவும் நிறைய வாய்ப்பு இருக்கு, நான் மறுக்கல. ஆனா பெட்டிக்கு வர்ற பவரோ எர்த்தோ சரியில்லன்னாலும் இதே கோடுதான் வரும். இந்த வண்டிக்கு பாடி பூரா பைபர், தகரம் கிடையாது, மத்த கார் மாதிரி பாடியே எர்த்தா வேலை செய்யாது, ஒவ்வொரு எர்த்தும் ஒயர்லயே போய் கீழ ஃப்ரேம்ல போல்ட்டுல உக்காருது, இருபது வருஷத் தண்ணியும் உப்பும் பட்டு அந்த போல்ட்டு என்ன கதியில இருக்கும்னு உங்களுக்கு நான் சொல்லணுமா.

மல்டிமீட்டர்ல ஓம்ஸ் பாத்துட்டு எர்த் ஓகேன்னு சொல்லாதீங்க ப்ளீஸ். ஒயர்ல ஒரே ஒரு இழை மிச்சம் இருந்தாலும் ஓம்ஸ் நல்லாத்தான் காட்டும். கனெக்டரைக் கழட்டி பவர் பின்னுக்கும் எர்த் பின்னுக்கும் நடுவுல ஒரு பிரேக் லைட் பல்பைக் கொடுங்க, பல்பு முழு வெளிச்சத்துல எரியணும், எரியும்போதே குறுக்க மீட்டர் வச்சா பேட்டரி வோல்டேஜை ஒட்டி வரணும். மங்கலா எரிஞ்சா பெட்டி மேல கைய வைக்காதீங்க, ஒயரைத் தேடுங்க.

அதுக்கும் முன்னாடி பேட்டரி. நல்லா சார்ஜ் ஆகி ஓய்வுல 12.6 வோல்ட் இருக்கணும். அது வீக் ஆனா மாட்யூல்கள் ஒண்ணோட ஒண்ணு பேச முடியாம யூ-ல ஆரம்பிக்கிற கோடு வரிசையா விழும், அதைப் பாத்துட்டு வண்டிக்கே வாதம் வந்துடுச்சுன்னு பயமுறுத்துறவங்களும் உண்டு. பேட்டரியைத் தூக்கிப் பாருங்க, ஆசிட் கசிஞ்சா கீழ இருக்கிற இன்ஜின் கம்ப்யூட்டரோட ஒயரிங் மேலதான் வடியும்.

இன்னொண்ணு, கோடு பாக்க இந்த வண்டிக்கு ஸ்கேனரே வேணாம். சாவியை ஆன்ல வச்சு, டேஷ்ல இருக்கிற ரீசெட் பட்டனைத் தட்டி மெசேஜையெல்லாம் தள்ளிட்டு, ஆப்ஷன்ஸ் பட்டனைப் பிடிச்சுக்கிட்டே ஃப்யூல் பட்டனை நாலு தடவை அமுக்கினா ஒவ்வொரு மாட்யூல் கோடும் டேஷ்லயே ஓடும். பின்னாடி சி இருந்தா இப்ப இருக்கிற கோளாறு, எச் மட்டும்னா பழைய கதை. எச் கோடை எல்லாம் எழுதி வச்சுட்டு அழிச்சுட்டு ஒரு ரவுண்டு ஓட்டுங்க, திரும்பி வர்றதைப் பிடிச்சா போதும். சி1221-ல இருந்து 1224 வரைக்கும் வந்தா வீல் சென்சார், அது ஹப்போட (சக்கரம் மாட்டுற நடுப்பகுதி) சேர்ந்தே வருது, ஆனா அங்கயும் முதல்ல கனெக்டரைக் கழட்டிப் பாருங்க, பச்சை பூத்துக் கிடக்கும்.

கேக்குறது ஒண்ணுதான். பார்ட் ஆர்டர் போடுறதுக்கு முன்னாடி எந்த கோடு, சி-யா எச்-ஆ, பேட்டரி எவ்வளவு, பல்பு டெஸ்ட்ல எத்தனை வோல்ட், இதை எஸ்டிமேட்லயே எழுதிக் குடுங்க. அந்த நேரத்துக்கு கூலி கேளுங்க, தாராளமா குடுப்போம்.

இப்படிக்கு,
ஒரு சி5 ஓனர்